ஒன்பதாவது கேசட்

ஜனவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

நலம்தானே? நானும் நலம் என்று எழுதக் கை வருகிறது, காது ஒத்துக்கொள்ளவில்லை. பத்து வருடம் கழித்து எழுதுகிறேன். அனுப்புநர் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடுவாய் என்று மொட்டை பந்தயம் கட்டியிருக்கிறான். அவன் இன்னும் நம் குழுவில்தான் பேஸ் கிதார் வாசிக்கிறான். பட்டப்பெயர் வைத்து இருபது வருடம் கழித்து இப்போதுதான் தலை அதற்குத் தகுதி பெற்றிருக்கிறது.

போனில் பேசியிருப்பேன். பேசினால் எனக்குக் கேட்காது. வலது காது போய் மூன்று வருடம் ஆகிறது. மேடையில் உன் டிரம்ஸ் என் வலப்பக்கம்தான் இருந்தது என்பதால் அதில் பாதிப் பழி உனக்கு. இடது காதுக்கு இந்த வருடக் கடைசிவரை கெடு கொடுத்திருக்கிறார் டாக்டர். அதற்குள் கடைசியாக ஒரு ஆல்பம் செய்துவிட்டுக் குழுவைக் கலைத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

பாட்டெல்லாம் பாப்பாவுடையது. கண்ணை மூடுவதற்கு முந்தைய இரண்டு வருடம் உன் தங்கை புதிதாக நிறையப் பாட்டு கட்டினாள். எங்களுக்கு ஒன்றைக்கூட வாசித்துக் காட்டவில்லை. கேட்டால், “மொதல்ல அண்ணா கேட்டு சரின்னு சொல்லட்டும், அப்புறம்தான் உங்களுக்கெல்லாம்” என்பாள். கேசட்டில் பாடி உனக்கு மட்டும் அனுப்பினாள். மொத்தம் பதினொன்று. நகல் எதுவும் இங்கே இல்லை.

அவற்றை அனுப்பி வை, மச்சான். ஆல்பத்துக்குப் பாட்டு வேண்டும் என்பது ஒரு பக்கம். இடது காது இருக்கும்போதே அவள் குரலை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பது இன்னொரு பக்கம். எது பெரியது என்று நீயே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை எதிர்பார்த்து,
கம்பி

---

ஜனவரி 29

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை நீங்களே விவரமாக எழுதிவிட்டதால் விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

மொட்டை பந்தயத்தில் தோற்றான் என்று சொல்லுங்கள். நான் எதையும் கிழிப்பதில்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டு வாசலில் டிரம்ஸ் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, மேல் பெட்டியில் ஒட்டிப் போனீர்களே ஒரு கடிதம், அதுவும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான்கு வரி. ‘தாளம் ஓடுகிறது, பலமுறை சொல்லியும் திருத்திக்கொள்ளவில்லை, ஆகவே குழு உங்களை விடுவிக்கிறது.’ கீழே மூன்று கையெழுத்து. ஒன்று உங்களுடையது, அடுத்தது மொட்டையுடையது. மூன்றாவது என் கூடப் பிறந்தவளுடையது.

குழுவைத் தொடங்கியவன் நான். கயிறு இழுப்பவர்களும் தறி ஓட்டுபவர்களும் தார் ஊற்றுபவர்களும் வேலை நேரத்தில் பாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தவன் நான். இதற்கு மின்சாரக் கிதார் வைத்தால் நிற்கும் என்று சொன்னவனும் நான்தான். நின்றது. பிறகு என்னை மட்டும் உட்காரவைத்தீர்கள்.

இப்போது சட்டப் புத்தகம் அச்சிடும் இடத்தில் பிழை திருத்துகிறேன். எதிரே ஒரு அம்மாள் உட்கார்ந்து மூலப் பிரதியை ‘கமா’, ‘முற்றுப்புள்ளி’ உட்பட உரக்கப் படிப்பார், நான் அச்சுப்படியில் குறி போடுவேன். இங்கே யாரும் என் தாளம் ஓடுகிறது என்று சொன்னதில்லை.

கேசட்டுகளைக் கேட்டேன். பாட்டுகள் சுமார்தான். சில இடங்களில் நன்றாக வந்திருக்கின்றன, மொத்தமாகப் பார்த்தால் வெளியிடும் தரம் இல்லை. இல்லாதவளின் பெயரைக் கெடுக்க வேண்டாம். அனுப்புவதாக இல்லை.

காதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மைத்துனன்

---

பிப்ரவரி 7

அன்புள்ள மச்சானுக்கு,

நலம் விசாரித்ததாக எடுத்துக்கொள். உன் கடிதம் வந்ததே பெரிய விஷயம். மொட்டை பந்தயத்தில் தோற்றதை ஒத்துக்கொள்ளவில்லை, “கிழிச்சிருந்தாகூட இவ்வளவு வலிச்சிருக்காது” என்கிறான். ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். படிக்கும்போதே குளிர் எடுக்கிறது. என்னை வாய் நிறைய ‘டா’ போட்டுத் திட்டிய ஆள் நீ.

பாட்டுகள் சுமார் என்றாய். சரி, அப்படியே இருக்கட்டும். எது சுமார்? பாப்பா சமையலறையில் முணுமுணுத்தபோது எனக்கு அரைகுறையாகக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். கல் உடைக்கிற ஒரு பெண் பாடுவது போல வரும். அது எத்தனையாவது கேசட்டில் இருக்கிறது? அதுவும் சுமாரா? ஒரே ஒரு வரியாவது எழுது. அதைப் படித்துக்கொண்டு கிடப்பேன்.

ஒலிப்பதிவுக் கூடத்தை இந்த வருடக் கடைசிவரை எடுத்திருக்கிறோம். பழைய மாவு மில் ஒன்றைத் தடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சுவரில் தட்டினால் இன்னமும் வெள்ளையாக உதிர்கிறது. சவுண்ட் இன்ஜினியர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். நான் கேட்கிறேனா இல்லையா என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறாள். பாட்டே இல்லாமல் தினமும் வந்து உட்கார்ந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கிறோம்.

உன் கோபத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டே கேசட்டை அனுப்பலாமே?

உன் உடல்நலத்துக்கு வேண்டிக்கொண்டு,
கம்பி

---

மார்ச் 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் சுகம். தங்கள் இடது காது இன்னும் சுகம் என்று நம்புகிறேன்.

எத்தனையாவது, எந்த வரி என்று பரீட்சை வைக்கிறீர்கள். பரீட்சை எழுதும் வயது தாண்டிவிட்டது. இத்துடன் முதல் கேசட்டை அனுப்பியிருக்கிறேன். இருப்பதிலேயே தேறுவது அதுதான். இதைக் கேட்டாலே மற்றவற்றின் தரம் உங்களுக்கு விளங்கிவிடும், அதற்குமேல் என்னைத் தொந்தரவு செய்ய மாட்டீர்கள். திருப்பி அனுப்பும்போது பெட்டியில் வைத்து அனுப்புங்கள், சும்மா உறையில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
மைத்துனன்

---

மார்ச் 20

அன்புள்ள மச்சானுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும்.

கேசட் வந்த அன்று எல்லோரும் மில்லில் இருந்தோம். அந்தப் பெண் நாடாவை ஓட்டினாள். நான் இடது காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாப்பா வயலினைச் சுருதி சேர்க்கிறாள், தொண்டையைச் செருமுகிறாள், பாடுகிறாள். ஆனால் அவள் பாடுவதற்கு இரண்டு நொடிக்கு முன்னாலேயே, பக்கத்து அறையில் யாரோ பாடுவது போல, அதே வரி அதே குரலில் மெலிதாகக் கேட்கிறது. ஒவ்வொரு வரிக்கும் அப்படித்தான். அவள் வருவதற்கு முன்பே ஒருமுறை வந்துவிட்டுப் போகிறாள். என் காதுதான் கோளாறு செய்கிறது என்று பயந்து மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். மொட்டை கையைக் காட்டினான், மயிர்க்கால் எல்லாம் நின்றிருந்தது.

அந்தப் பெண்தான் விளக்கினாள். சுற்றிய நாடாவை வருடக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்தால் ஒரு சுற்றில் இருக்கும் ஒலி அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த சுற்றில் படிந்துவிடுமாம். அவ்வப்போது ஓட்டிச் சுற்றி வைத்த நாடாவில் இந்த அளவுக்கு இருக்காதாம்.

“சார், இத யாரு வெச்சிருந்தாங்க?”

“என் மச்சான்.”

“அவரு ஒரு தடவகூடக் கேக்கல சார்.”

“கேட்டாராம், சுமார்னு எழுதியிருக்காரும்மா.”

“சுமார்னு சொல்றதுக்காவது ஒரு தடவ ஓட்டியிருக்கணுமே?”

மச்சான், நீ கேட்கவே இல்லை. பதினொன்றில் எதையுமே கேட்கவில்லை, அப்படித்தானே? பாட்டுக்கு நடுவில் எட்டுத் தாளச் சுற்று அவள் பாடுவதும் இல்லை, வயலினும் இல்லை. மேசை விளிம்பை விரலால் தட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். அது நீ வாசிக்க வேண்டிய இடம்.

எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது, ஏனென்றால் கோபப்படும் தகுதி எனக்கு இல்லை. உன்னிடம் பத்திரமாக இருக்கிறதே அந்த நான்கு வரிக் கடிதம், அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. பாப்பா போடமாட்டேன் என்றாள். “அண்ணாவை அனுப்பறதுன்னா நீங்களே அனுப்புங்க, என்னை இதுல இழுக்காதீங்க” என்றாள். இரண்டு பெயர் மட்டும் இருந்தால் நீ சண்டைக்கு வருவாய், மூன்று இருந்தால் வரமாட்டாய் என்று கணக்குப் போட்டேன். அவள் மாதிரியே போட்டுவிட்டேன். அவளுக்கு இது தெரியவே தெரியாது. உன்னிடம் பதின்மூன்று வருடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

மற்றவற்றை நீ கேட்டுவிட்டே அனுப்பு. அவசரம் இல்லை என்று எழுத ஆசைதான்.

கம்பி

---

ஜூன் 15

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலமா? நான் எப்படி இருக்கிறேன் என்பதை இந்த மூன்று மாத மௌனத்திலிருந்து ஊகித்திருப்பீர்கள்.

ஆமாம், கேட்கவில்லை. பார்சல் வரும், பெயரைப் பார்ப்பேன், அலமாரியில் மேல்தட்டில் போடுவேன். இரண்டு முறை போன் செய்தாள். குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். அவள் போன பிறகு அலமாரியைத் திறந்தால் கண்ணில் படும் என்று அவற்றைத் தட்டின் பின்பக்கமாகத் தள்ளி, முன்னால் பழைய அகராதிகளை அடுக்கினேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அந்த நான்கு வரித் தாளை எடுத்து உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். உங்கள் பெயரில் சுழி எங்கே ஏறுகிறதோ அங்கேதான் அவள் பெயரிலும் ஏறுகிறது. அடுத்தவன் விடும் புள்ளியைப் பிடித்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். அன்றைக்கே பார்த்திருக்கலாம். பார்க்க விருப்பமில்லை என்பதுதான் உண்மையாக இருக்க வேண்டும். கோபத்துக்கு அந்தக் கையெழுத்து தேவைப்பட்டது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று இதற்குப் பொருள் இல்லை.

என்னிடம் கேசட் ஓட்டும் கருவி இல்லை. எதிரே உட்கார்ந்து படிக்கும் அம்மாளிடம் கேட்டேன். “எங்க வீட்டுக்காரரு பாட்டு கேக்கறேன்னு வாங்கி, அவரு பாட்டுக்குப் போய்ட்டாரு. பரண்ல கெடக்கு, எடுத்துட்டுப் போங்க” என்றார். விடுமுறை நாட்களில் அச்சகத்து வாசிப்பறையில் மத்தியான நேரத்தில் வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு கேசட்டும் ‘அண்ணா’ என்றுதான் தொடங்குகிறது. அதற்கு முன் தூரத்தில் ஒரு ‘அண்ணா’. முதல் நாள் நான் எழுந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் நாளும் திறந்து பார்த்தேன்.

பாட்டுகள் நன்றாக இருக்கின்றன. மிக நன்றாக இருக்கின்றன.

இரண்டு முதல் எட்டு வரை அனுப்பியிருக்கிறேன். ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் மழை ஈரம் பட்டு வீணாகிவிட்டன. நாடா ஒட்டிக்கொண்டது, ஓடவில்லை. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
மைத்துனன்

---

ஜூலை 2

அன்புள்ள மச்சானுக்கு,

ஏழும் வந்தன. நீ நன்றாக இரு. நூறு வயது இரு.

பகல் முழுக்க மில்லில்தான் கிடக்கிறோம். அவள் குரலை அப்படியே வைத்துவிட்டு அடியில் நாங்கள் வாசிக்கிறோம். இப்போது டிரம்ஸ் வாசிக்கிறவன் பெயர் பூனை. நல்ல பையன், சத்தமில்லாமல் வருவான். எட்டுச் சுற்று காலி வரும் இடத்தில் நீ வாசி என்றேன். குச்சியை எடுத்தான், அவள் மேசையைத் தட்டிக் காத்திருக்கும் சத்தத்தைக் கேட்டான், குச்சியை வைத்துவிட்டான். “அண்ணே, இவங்க என்ன எதிர்பாக்கல” என்றான். வற்புறுத்தவில்லை.

ஒரு சிக்கல். எட்டாவது கேசட்டின் கடைசியில் அந்தக் கல் உடைக்கிற பாட்டு தொடங்குகிறது.

‘ஒரு கல்லை உடைச்சேன், உள்ளே ஒரு கல்லு.
அந்தக் கல்லை உடைச்சேன், அதுக்குள்ளே ஒரு சொல்லு.’

அதோடு நிறுத்திவிட்டு, “மிச்சம் அடுத்த கேசட்ல, அண்ணா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், அதுவும் அதுலதான்” என்கிறாள். நாடா முடிந்துவிடுகிறது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு இது. இதைவிட நல்ல பாட்டை அவள் கட்டியதில்லை. ஈரம் பட்ட நாடாவையும் காயவைத்துப் பிரித்தெடுக்க முடியும் என்கிறாள் இந்தப் பெண். எப்படிக் கெட்டிருந்தாலும் பரவாயில்லை, அந்த மூன்றையும் அனுப்பு.

இன்னொன்றையும் உன்னிடம்தான் சொல்ல முடியும். மயங்கி விழுந்த பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் கேட்டார்: “ஆறு மாசமா கட்டி இருந்திருக்கு. பக்கத்துல இருந்தவங்க யாருமே பாக்கலையா?” பக்கத்தில் இருந்தவன் நான்தான். ஒரே கட்டிலில் படுத்தவன். இரண்டே மாதத்தில் போய்விட்டாள். ஏன் மறைத்தாள் என்று அவளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. பத்து வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாட்டு கேட்கும்போதுகூட எந்த வரியில் அவளுக்கு வலித்தது என்று தேடுகிறேன்.

இடது காதில் உயர்ந்த சுருதிகள் போய்விட்டன. வயலின் இப்போது ரம்பம் மாதிரிக் கேட்கிறது. குரல் இன்னும் கேட்கிறது.

கம்பி

---

ஆகஸ்ட் 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். வேலை அதிகம். புதிய சட்டத் திருத்தங்கள் வந்திருக்கின்றன, தினமும் அறுபது பக்கம்.

கெட்டது கெட்டதுதான். காயவைத்தால் சரியாகும் என்று சொல்ல அந்தப் பெண் நாடாவைப் பார்த்தாளா? பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். பாதியில் நிற்கும் பாட்டு உலகத்தில் எத்தனையோ இருக்கிறது.

நடந்ததைத் தோண்டிக்கொண்டிருப்பதில் யாருக்கும் லாபமில்லை. உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். காரணம் கேட்காதீர்கள்.

அந்த டாக்டர் ஆறு மாதம் என்று சொன்னது செப்டம்பரிலா? சரியாக ஆறுதானா, அல்லது தோராயமாகவா? சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
மைத்துனன்

---

செப்டம்பர் 1

மச்சானுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

நீ எதையும் சும்மா கேட்கிறவன் இல்லை. செப்டம்பரில்தான் சொன்னார். ஆறு மாதம் பின்னால் போனால் மார்ச். ஒன்பதாவது கேசட் உனக்கு மார்ச்சில் வந்தது. எனக்குக் காதுதான் போயிற்று, கூட்டல் கழித்தல் போகவில்லை.

ஆமாம், காது போயிற்று. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஆறாவது கேசட்டில் இருக்கும் தறிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் நின்றுவிட்டது. அது அவள் உனக்கு விட்ட இடம் என்று நினைத்துக் காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. “என்னம்மா, இவ்வளவு நேரம் விட்டிருக்கா?” என்று கேட்டேன். மொட்டை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். நாடா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இனி நீ எதை அனுப்பினாலும் நான் கேட்கப் போவதில்லை. கேட்க முடியாதவனிடம் என்ன பயம்? ஈரமும் படவில்லை, ஒன்றும் படவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் உன்னிடம் சொன்னதை எழுது. அவளைப் பற்றி இதற்குமேல் எனக்கு எது வந்து சேர்ந்தாலும் அது எழுத்தாகத்தான் வர வேண்டும். பிழை திருத்துகிறவன் நீ. ஒரு சொல்லும் விடாமல் எழுதுவாய்.

கம்பி

---

அக்டோபர் 18

மாப்பிள்ளைக்கு,

நலம் கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று இதைப் படித்த பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்று கேசட்டுகளும் இத்துடன் இருக்கின்றன. ஈரம் படவில்லை.

ஒன்பதாவது:

‘அண்ணா. நல்லா இருக்கியா? நான் இருக்கேன். மொதல்ல பாட்டு.’ பாடுகிறாள்.

‘அந்தச் சொல்லை எடுத்து மடியில முடிஞ்சேன்,
முடியும்போது கையெல்லாம் சுட்டது.
வாங்கிக்க ஆள் வர்ற வழியையே பாத்திருந்தேன்,
வர்றதுக்குள்ள சொல்லு ஆறிப் போச்சு.’

(இங்கே எட்டுச் சுற்று காலி. மேசையைத் தட்டுகிறாள்.)

‘அண்ணா, இது எப்படி இருக்கு? நல்லா இல்லைன்னா திட்டு, பரவாயில்ல. திட்டவாவது எழுது. இப்ப விஷயம். எனக்கு இடது பக்கம் அக்குள்கிட்ட ஒரு கட்டி. குளிக்கும்போது கைல தட்டுப்பட்டது. பயமா இருக்கு. இவர்கிட்ட சொல்லல. இவங்கம்மா இதுலதான் போனாங்க. அப்ப இவரு ஒரு வருஷம் கிதாரையே தொடல, தெரியும்ல. சொன்னா இவரு விழுந்துருவாரு, அப்புறம் நான்தான் இவரத் தூக்கி நிறுத்தணும், எனக்கு இப்ப தெம்பில்ல. நீ வா. நீ வந்து பக்கத்துல உக்காந்துக்கோ, ரெண்டு பேருமா சொல்லிடலாம். அன்னிக்கே டாக்டர்கிட்டயும் போயிடலாம். நீ வர்றவரைக்கும் போக மாட்டேன், ஆமா. அப்பவாவது வருவல்ல?’ சிரிக்கிறாள். ‘இத இவர்தான் தபால்ல போடப்போறாரு. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எடுத்துட்டுப் போவாரு, பாவம்.’

பத்தாவது மே மாதம் வந்தது. ‘அண்ணா, பதிலே இல்ல. போன கேசட் கெடைக்கலையோ? கட்டி அப்படியேதான் இருக்கு. கொஞ்சம் பெருசான மாதிரி. நீ வேலையா இருப்ப. முடிச்சிட்டு வா.’ பாட்டு ஒன்று, முழுதாக இருக்கிறது.

பதினொன்றாவது ஜூலையில். பேச்சு இல்லை. வயலின் மட்டும், இருபது நிமிடம். இந்த முறை எனக்கு இடம் விடவில்லை. கடைசியில், ‘சரி அண்ணா. கோபம் தீரலன்னா பரவாயில்ல’ என்கிறாள். அதற்கு முன்னால் அதே வார்த்தைகள் மெலிதாக ஒருமுறை. அதை நான் எத்தனை முறை ஓட்டினேன் என்று எழுதமாட்டேன்.

எனக்கு மூன்று பார்சல் வந்தன, மூன்றையும் அகராதிக்குப் பின்னால் தள்ளினேன். இதுதான் நடந்தது. இவற்றை ஜூன் மாதமே உங்களுக்கு அனுப்பியிருந்தால் உங்கள் காதாலேயே கேட்டிருப்பீர்கள். அதையும் நான் தடுத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவளைக் கொண்டுபோய்விட்டு எல்லோரும் திரும்பி வந்து உன் வீட்டு வாசலில் நின்றபோது, அத்தனை பேர் முன்னாலும் உன் சட்டையைப் பிடித்துக் கேட்டேன்: “ஏன்டா, ஒரு வார்த்தை எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?” நீ தலையைக் குனிந்துகொண்டாய். கூட்டமும் உன்னைத்தான் பார்த்தது. நாம் இருவரும் கடைசியாகப் பேசியது அந்தக் கேள்விதான்.

ஒன்பதாவது பார்சலின் உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. முகவரி உன் கையெழுத்தில் இருக்கிறது. சொல்லித்தான் அனுப்பினாய்.

மைத்துனன்

---

நவம்பர் 6

மச்சானுக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை கேட்கவில்லை.

ஆல்பம் முடிந்துவிட்டது. கல்லுடைக்கும் பாட்டை இரண்டு கேசட்டிலிருந்தும் எடுத்து இணைத்துவிட்டார்கள். இணைத்த இடம் தெரியவில்லை என்று மொட்டை எழுதிக் காட்டினான். குழுவை நேற்றுக் கலைத்தோம். பூனை சத்தமில்லாமல் அழுதான்.

உன் கடிதத்தை முதலில் நான் தனியாகப் படித்தேன். இரண்டு நாள் மில்லுக்குப் போகவில்லை. உன் வீட்டுக்கு வந்து உன் சட்டையைப் பிடிக்கலாம் என்று கிளம்பி, பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பினேன். உன் அந்தக் கேள்வியோடு பத்து வருடம் தூங்கியிருக்கிறேன். தூங்கினேன் என்று சொல்வது ஒரு பேச்சுக்கு.

மூன்றாம் நாள் போனேன். அந்தப் பெண்ணிடம் கடிதத்தைக் கொடுத்து, கேசட்டை ஓட்டச் சொன்னேன். அவள் எங்கே எந்தச் சொல் வருகிறதோ அதன் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வர வேண்டும், நான் விரலைப் பார்த்துக்கொண்டு வருவேன். அப்படித்தான் கேட்டேன். உன் கையெழுத்தில் என் பெண்டாட்டி பேசினாள். பாடும்போது விரல் மெதுவாகப் போயிற்று. ‘பயமா இருக்கு’ என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் விரல் நின்று, பிறகு போயிற்று. காலி இடத்தில் விரலால் தாளைத் தட்டினாள்.

‘பாவம்’ என்ற இடத்தில் விரல் மறுபடி நின்றது. அடுத்த வரிக்குப் போகவில்லை. கேசட் சுழன்றுகொண்டே இருந்தது. அவள் உன் தாளைத் திருப்பிப் பார்த்தாள், முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். என்னம்மா என்றேன். ஒரு சீட்டில் எழுதிக் காட்டினாள்: ‘இன்னும் பேசறாங்க சார். இதுல இல்ல.’

என்ன பேசுகிறாள் என்று எழுதச் சொன்னேன். நாடாவைத் திருப்பி ஓட்டி ஓட்டி எழுதினாள். அதை அப்படியே உனக்குத் திருப்பி எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான்.

‘இவர்மேல கோபப்படாத அண்ணா. தூங்கும்போதுகூட என் மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவாரு, கைய எடுத்தா முழிச்சுக்குவாரு. ரொம்ப நல்லவரு. உன்னவிட நல்லவரு.’

உன்னைக் குற்றவாளியாக்கும் ஒவ்வொரு சொல்லையும் புள்ளி விடாமல் எழுதியிருக்கிறாய். நான் உன்னிடம் கேட்டது அவள் சொன்னதை. மூன்று வரி, மச்சான். அதை எனக்கு எழுதியிருந்தால் உனக்கு என்ன குறைந்து போயிருக்கும்?

கம்பி